முதலில் கீறு

அன்பு மகளுக்கு,

கேமரா இல்லாமல், வெள்ளை லீடரில் (படம் பதியாத வெற்று ஃபிலிமில்) மார்க்கரால் வரைந்து, 16 மி.மீ. ஃபிலிமிலேயே படம் பண்ணப் போகிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளை லீடரும் மார்க்கரும் அப்புறம் ஆகட்டும் அம்மா. முதலில் கீறிப் பழகு. மார்க்கர் தன் நிறத்தைத்தான் தரும். கீறினால் ஃபிலிமுக்குள் இருக்கும் நிறமே வெளியே வரும்.

திரையிடும் கலர் பிரிண்டில் கறுப்பாக ஓடும் பகுதியைத் தேடி எடு. அதில் மூன்று நிற அடுக்குகள்: மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மேலே, சயான் (பச்சை கலந்த நீலம்) நடுவே, மஞ்சள் அடியில் இருக்கும். லேசாகச் சுரண்டினால் மெஜந்தா போய், சயானும் மஞ்சளும் சேர்ந்த பச்சை தெரியும். இன்னும் அழுத்தினால் மஞ்சள். அடிவரை போனால் வெறும் வெளிச்சம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இது கிடைக்காது. எமல்ஷன், அதாவது இந்த அடுக்குகள் உள்ள பூச்சு, எந்தப் பக்கம் என்ற சந்தேகம் வந்தால் ஈர விரலால் ஓரத்தைத் தொடு; ஒட்டுவது எமல்ஷன். கீறும் இடத்தை ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்துக்கொள். காய்ந்த எமல்ஷன் செதில் செதிலாகப் பெயரும், ஆழம் உன் கையில் நிற்காது. அதற்காக ஊற வைத்துவிடாதே, தோலாகவே உரிந்துவிடும்.

16 மி.மீ.யில் ஒரு அடிக்கு 40 ஃபிரேம் (தனித்தனிப் படம்), விநாடிக்கு 24 ஓடும். ஒரே ஃபிரேமில் போட்ட புள்ளி மின்னி மறையும், அவ்வளவுதான். ஃபிலிம் ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு நடுவில் இருப்பதுதான் ஒரு ஃபிரேம். லைட் பாக்ஸில் அந்த அளவுக்குக் கோடு போட்ட தாளை அடியில் ஒட்டிக்கொள். ஃபிரேமின் அகலம் சுமார் 10 மி.மீ. புள்ளியை ஃபிரேமுக்கு அரை மி.மீ. நகர்த்தினாலே ஒரு விநாடிக்குள் திரையைக் கடந்துவிடும். தொடங்குகிறவர்கள் ஒன்று, இரண்டு மி.மீ. நகர்த்திவிட்டு, ஏன் குதிக்கிறது என்று தவிக்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த லென் லை 1958இல் கறுப்பு ஃபிலிமைக் கீறியே 'ஃப்ரீ ராடிகல்ஸ்' படத்தைச் செய்தார். ஊசியின் துடிப்பு எப்படி நடனமாகிறது என்று அதில் பார்.

ஒருபக்கத் துளை ஃபிலிமில் எதிர் ஓரம் ஒலிக்கு உரியது. படக் கீறல் அங்கே வழிந்தால் படபடவென்று கேட்கும். வேண்டுமென்றே 1 மி.மீ. இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போட்டால் விநாடிக்கு சுமார் 183 அதிர்வு. இடைவெளியை அரை மி.மீ. ஆக்கினால் ஒரு ஸ்தாயி மேலே. புரொஜெக்டரில் ஒலி படிக்கும் இடம், படத்தின் மேல் வெளிச்சம் விழும் 'கேட்' என்ற இடத்தைத் தாண்டி இருக்கிறது. அதனால் ஒரு ஃபிரேமுக்கான ஒலியை 26 ஃபிரேம் முன்னால், ஃபிலிமின் தொடக்கப் பக்கமாகக் கீற வேண்டும். ஏறக்குறைய 20 செ.மீ.

சுரண்டிய தூளை மென்மையான பிரஷால் முழுக்கத் தட்டு. கேட்டில் சேர்ந்தால் நீளம் முழுக்க நீ போடாத கோடு விழும். ஓட்டுவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து வை, ஒவ்வொரு ஓட்டமும் ஃபிலிமைத் தேய்க்கும். முதல் பத்து அடி முடிந்ததும் அந்த ஸ்கேனை எனக்கு அனுப்பு. பச்சையிலிருந்து மஞ்சளுக்கு எங்கெங்கே போயிருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா