இடிந்த சுவரின் மேல் ஓரம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

ஸ்டாலின்கிராட் போரைப் பொம்மை வீரர்களை வைத்து விளையாடும் மேசைக்காக நீங்கள் செய்த இடிந்த சுவர்களின் படங்களைப் பார்த்தேன். வண்ணம் பரவாயில்லை. உறுத்துவது மேல் ஓரம்தான். காகிதத்தைக் கிழித்த மாதிரி வளைந்து வளைந்து போகிறது. செங்கல் சுவர் அப்படி இடியாது. பெரும்பாலும் சாந்துதான் முதலில் விடும். பிறகு கல் கல்லாகப் பெயரும். அதனால் ஓரம் படி படியாக இறங்கும், அதுவும் ஒழுங்கில்லாமல்: ஓரிடத்தில் ஒரு கல், பக்கத்திலேயே சேர்ந்தாற்போல் நான்கு வரி.

எங்கே இடியும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஜன்னலுக்கு மேலே தாங்கும் கட்டு போனால் அதன் மேலுள்ளது எல்லாம் இறங்கிவிடும். மூலையில் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் அது கடைசிவரை நிற்கும். நீங்களோ மூலையைத் தாழ்த்தி, ஜன்னலுக்கு மேலே உயர்த்தியிருக்கிறீர்கள். வோல்கோகிராடில் (ஸ்டாலின்கிராடின் இன்றைய பெயர்) இடிபாடாகவே பாதுகாத்து வைத்திருக்கும் கெர்கார்ட் மாவு மில்லின் படங்களைப் பெரிதாக்கி, ஜன்னல் விளிம்புகளைப் பாருங்கள்.

தெர்மாகோல் வேண்டாம். கீறினால் மணி மணியாக உதிரும். 10 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஃபோம் (மணி மணியாக இல்லாத, இறுக்கமான பாலிஸ்டைரீன் அட்டை) வாங்குங்கள். 28 மி.மீ. பொம்மைகளுக்கு வழக்கமான 1:56 அளவில் (நிஜத்தில் 56-ல் ஒரு பங்கு) அது 56 செ.மீ. சுவர், இரண்டு கல் கனமுள்ள ரஷ்யச் சுவர் 51 செ.மீ., ஆக கனம் சரி. கல்லின் அளவில் மட்டும் கொஞ்சம் பொய் சொல்லியே ஆக வேண்டும். 250 × 120 × 65 மி.மீ. கல் இந்த அளவில் 4.5 மி.மீ. நீளம், 1.2 மி.மீ. உயரம்தான் வரும்; பெயின்ட் அடித்ததும் கோடு மறைந்துவிடும். 10 × 5 × 3 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள்.

3 மி.மீ.க்கு ஒரு கோடு, முதலில் புது பிளேடால் லேசாக, அரை மி.மீ. ஆழத்துக்கு. அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி இழுங்கள். பிளேடு போடாமல் பேனாவை இழுத்தால் ஃபோம் பிய்ந்து சுருளும். செங்குத்துக் கோடுகள் அடுத்த வரிக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் குளியலறை டைல்ஸ் ஆகிவிடும். பிறகு ஓரத்தைக் கோட்டோடு கோடாக வெட்டுங்கள். வெட்டிய மேல்முகத்திலும் இணைப்புகளைக் கீறுங்கள். பலர் விடுவது இதைத்தான். மேசையில் விளையாடுபவர் மேலிருந்து பார்ப்பதால் கண்ணில் முதலில் படுவதும் இதுதான். கடைசியாக அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி மேற்பரப்பில் ஒத்துங்கள்.

இடிபாடு கஞ்சமாக இருக்கிறது. 10 × 6 செ.மீ. சுவர் காணாமல் போயிருந்தால் 60 கன செ.மீ. எங்கேயாவது கிடக்க வேண்டும். பாதியை மறுபக்கம் விழுந்ததாக விட்டுவிடலாம். ஃபோமில் வெட்டிய கற்கள், உடைத்த அரைக்கற்கள், சலித்த மணல் மூன்றையும் கலந்து ஃபெவிகாலில் ஒட்டுங்கள். காய்ந்ததும் ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மேலே சொட்டவிடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. பொம்மை நிற்க அங்கங்கே 30 மி.மீ. சமதளம் விடுங்கள்.

ஸ்ப்ரே பெயின்டை நேரடியாக அடிக்காதீர்கள், ஃபோம் கரைந்துவிடும். ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து இரண்டு கோட், வெட்டுமுகங்களில் ஒரு இடம் விடாமல். அடித்தட்டு 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) என்றால் அடிப்பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் வளையும்.

வண்ணத்தில் இரண்டே திருத்தம். உடைந்த கல்லின் உள்முகம் வெயில் மழை படாதது, வெளிமுகத்தைவிடப் பளிச்சென்று ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். தீப்பிடித்த கரி ஜன்னலுக்கு மேலே ஏற வேண்டும்; நீங்கள் கீழே வழியவிட்டிருக்கிறீர்கள்.

திருத்திய பிறகு படத்தை மேலிருந்து எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்