பழைய எஞ்சின் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கேமராவோடு போய் வரத்தக்க ரயில் அருங்காட்சியகங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "எங்கே போனாலும் பழைய எஞ்சின் பழைய எஞ்சின்தான், பொம்மை ரயிலும் சிற்றுண்டிக் கடையும் உள்ள இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்று அதில் ஒரு வாக்கியம். காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன் நான். கல்யாணப் படங்களில் மிச்சம் பிடித்ததை ரயிலைத் தேடிப் போய்ப் படம் எடுக்கவே செலவிட்டேன். அந்த வாக்கியத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

படம் எடுக்கப் போகிறவன் முதலில் கேட்பது, எஞ்சின் கூரைக்குள் நிற்கிறதா, வெட்டவெளியில் நிற்கிறதா என்பதைத்தான். நீராவி எஞ்சினின் உடம்பு கறுப்பு. உச்சிவெயிலில் சக்கரமும் இணைப்புத் தண்டும் நிழலுக்குள் மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் ஆணியும் தகடும் தெரியும். அடுத்த கேள்வி, பின்னால் நகர்ந்து நிற்க இடம் உண்டா என்பது. வேலியை ஒட்டி நிறுத்திய எஞ்சினை முழுதாகப் பிடிக்க எந்த லென்ஸாலும் ஆகாது. ஓரிடத்தில் நான் கேமரா முக்காலியை விரித்ததுமே காவலர் மடக்கச் சொல்லிவிட்டார். டிக்கெட்டோடு கேமராவுக்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்ட இடம் அது. இவற்றில் ஒன்றைப் பற்றியாவது அந்தக் கட்டுரை பேசியிருக்க வேண்டாமா?

எல்லா எஞ்சினும் ஒன்றே என்று எழுதியவர் 1977இல் திறந்த தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தால், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா மோனோரயிலைப் பார்த்திருப்பார். அதைப் போன்றது நம் ஊர்ப் பக்கம் ஏது? 1979இல் தொடங்கிய மைசூர் அருங்காட்சியகத்தில் நான் தேடிப் போனது அரச குடும்பத்தின் ரயில் பெட்டிகளை. பெட்டிகளின் கதை வேண்டுமென்றால் சென்னை ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். உயிருள்ள எஞ்சின் வேண்டுமா, அரியானாவின் ரேவாரிக்குத்தான் போக வேண்டும். 1893இல் எழுந்த எஞ்சின் ஷெட் அது. அகலப் பாதை எஞ்சின்களையும், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள மீட்டர் கேஜ் எஞ்சின்களையும் அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாய்லரில் நெருப்பிட்டு நீராவி ஏறிய எஞ்சினும் வண்ணம் பூசிப் பீடத்தில் ஏற்றிய எஞ்சினும் படத்தில் ஒன்றாகவே இருக்காது.

தங்கள் பத்திரிகையில் ரயில் படங்களுக்கு நேரும் கதி புதிதல்ல. நீலகிரி ரயிலைப் பற்றிய ஒரு கட்டுரையில், குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின் தள்ளிச்செல்லும் வண்டியின் படத்தைப் போட்டு "நீராவி ரயில்" என்று எழுதியிருந்தீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் வண்டியின் பின்னால் நின்று தள்ளும். அது தெரியாமல் முன்பக்கம் காத்திருப்பவர் ஏமாந்து போவார். இதை விளக்கி அப்போதே எழுதினேன். கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை.

செட்டிநாடு என்றால் தங்களுக்கு வீட்டுத் தூணும் கோழிக் குழம்பும்தான் நினைவுக்கு வருகின்றன. கானாடுகாத்தான் பக்கத்தில் செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்கு 1930இல் போட்ட பாதை அது. எங்கள் பெரியவர்கள் தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலுமாக இலங்கைக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனார்கள். மீட்டர் கேஜைப் பெயர்த்து அகலப் பாதை போட்டபோது, அந்தப் பாதையில் ஓடிய எஞ்சின் ஒன்றையாவது காரைக்குடியில் நிறுத்திவையுங்கள் என்று கேட்டோம். யார் காதிலும் விழவில்லை. அந்தக் கோரிக்கைக்குத் தங்கள் பத்திரிகையில் இரண்டு வரி கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய திருச்சி ரயில்வே பாரம்பரிய மையத்தைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இருந்த ஊர் திருச்சி. நீலகிரிக்குப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டிய பொன்மலைப் பணிமனையும் அங்கேதான். மையத்தில் கைவிளக்குகள், மணிகள், பழைய படங்கள், வரைபடங்கள் எல்லாம் இருக்கின்றன. அருகிலிருந்து சிறு பொருட்களைப் படம் எடுக்கப் பழகுகிற பிள்ளைகளை நான் அங்கேதான் அனுப்புவேன்.

நான் கேட்பது ஒரு சிறு பெட்டிச் செய்தி. அடுத்த ஞாயிறு இணைப்பில், ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் வார விடுமுறை எந்த நாள், கேமராக் கட்டணம் எவ்வளவு, முக்காலிக்கு அனுமதி உண்டா, எஞ்சின்கள் நிற்பது வெளியிலா கூரைக்குள்ளா என்று கேட்டுப் போடுங்கள். தில்லியில் திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் இங்கிருந்து ரயிலேறிப் போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். திருச்சியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.