காவல்கிணறு வரைக்கும் காற்று வலப்பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் மழுப்பினேன். அம்மை பக்கத்திலேயே உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். பனகுடி பக்கம் காற்று வண்டியை ரோட்டோரம் வரை தள்ளிக்கொண்டு போனது என்று நீ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தால், வண்டி இன்றைக்கே விலைக்குப் போயிருக்கும். வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் அவளுக்குக் கேட்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தப்பா நாளைக்கு வள்ளியூர் சந்தைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் நீ கேட்டது. ஸ்ப்ளெண்டரைத் தள்ளிவிட்டுப் புல்லட் எடுத்தால் காற்று தள்ளாதா? கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உன் வண்டி 112 கிலோ, புல்லட் 195 கிலோ பக்கம் வரும். கனம் கூடினால் அதே காற்றுக்குச் சாய்வது குறையும், வாஸ்தவம். ஆனால் தள்ளு வாங்குவது வண்டி மட்டும் இல்லை மக்ளே, நீயும்தான். உன் தோளும் முதுகும் ஹெல்மெட்டும் முதுகில் தொங்குகிற அந்தப் பையும் எந்த வண்டியில் ஏறினாலும் கூடவே வரும். கடனை வாங்கிக் கனத்தை வாங்க வேண்டாம். ஆனி, ஆடி, ஆவணி தாண்டினால் இந்த ரோட்டில் ஸ்ப்ளெண்டரே தாராளம்.

காற்று எவ்வளவு தள்ளும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன், முப்பந்தல் காற்றாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் இன்ஜினியர் சொல்லிக்கொடுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று குறுக்கே அடித்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய நாலு கிலோ சுமை அளவுக்குத் தள்ளும். 60 கிலோமீட்டர் ஆனால் எட்டு கிலோ இல்லை, பதினேழு கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. வண்டியும் நீயும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய அந்த ஒரு சதுர மீட்டர் வருவீர்கள். பதினேழு கிலோ என்பது பெரிய காரியம் இல்லை. ஒரே சீராகத் தள்ளினால் வண்டி ஆறு டிகிரி போலக் காற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டு பாட்டுக்கு ஓடும். கஷ்டம் எங்கே என்றால், நாலு கிலோ தள்ளிக்கொண்டிருந்தது ஒரு நொடியில் பதினேழாகி, அடுத்த நொடியில் இரண்டாகிறதே, அங்கே. கரண்ட் எடுக்கிற காற்றாடியிலும் இதே கதைதான். பலமான காற்றில் கியர்பாக்ஸ் ஒன்றும் ஆகாது, விட்டு விட்டு அடிக்கிற காற்றுதான் பல்லை உடைக்கும். வானிலை அறிக்கையில் "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 60" என்று வாசிப்பார்கள் இல்லையா, அந்த "இடையிடையே"தான் உன்னை ஓரத்துக்குக் கொண்டுபோனது.

இனி உன் ரோடு. வள்ளியூரிலிருந்து காவல்கிணறு வரை நாலுவழிச் சாலை தெற்கே பார்த்து இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை உனக்கு வலது கை. தென்மேற்குக் காற்று மலை இடைவெளிகளில் பிதுங்கிக்கொண்டு வருவதால் வீட்டுக்கு வரும்போது அடி வலப்பக்கம் விழும், உன்னை இடது ஓரத்துக்குத் தள்ளும். மகேந்திரகிரி மறைக்கிற இடத்தில் காற்றே செத்துப்போன மாதிரி இருக்கும். அங்கே ஏமாந்து வேகம் எடுக்காதே. மலை சரிந்து இடைவெளி திறக்கிற இடத்தில் சேர்த்து வைத்துக் கொடுக்கும். மேம்பாலத்தின் உச்சி, பாறையை வெட்டி ரோடு போட்ட இடம் முடிகிற முனை, தோப்பு முடிகிற முனை, குளத்தங்கரையை ஒட்டின வெட்டவெளி, இதெல்லாம் அந்த மாதிரி இடங்கள்தான். ஒரு தடவை பகலில் காரில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துவை, மனசில் பதிந்துவிடும்.

நடுவில் சென்டர் மீடியனில் அரளி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து ஓட்டு. காற்று எதிர்ப்பக்க ரோட்டைத் தாண்டி, அரளியைத் தாண்டித்தான் உன்மேல் வர வேண்டும். ஐம்பது அறுபது மீட்டர் முன்னால் அரளி வரிசை இடப்பக்கமாகக் குனிந்து இலையின் வெளிர்ப் பக்கம் தெரிந்தால், நாலைந்து நொடியில் அந்த அடி உனக்கு. அந்த நேரம் போதும், முழங்கையைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம். திங்கட்கிழமை திரும்பிப் போகும்போது காற்று இடப்பக்கம். அப்போது ரோட்டோரத்து உடைமரத்தையும் புல்லையும் பார்க்க வேண்டும். லாரியில் தார்ப்பாய் எந்தப் பக்கம் உப்புகிறது என்பதும் நல்ல குறி.

காற்றாடியைப் பார்த்தும் சொல்லலாம், ஆனால் எல்லாரும் அதைத் தப்பாகப் பார்க்கிறார்கள். ரெக்கை எந்தப் பக்கம் முகம் காட்டி ஓடுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று, அது சரி. "மெதுவாகத்தானே சுற்றுகிறது, காற்று கம்மி" என்று மட்டும் நினைத்துவிடாதே. இங்கே இருக்கிற பழைய மெஷின்கள் லேசான காற்றிலும் பேய்க்காற்றிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். கரண்ட் லைனோடு கட்டிப்போட்ட ஜெனரேட்டர் அதைத் தாண்டி ஓட விடாது. ஓடவேண்டிய சீசனில் வரிசையாகப் பல நிற்கிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். லைன் போயிருக்கலாம். இல்லை, காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டிருக்கலாம், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த அளவு வந்தால் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கின மெஷின் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். நீ அதற்கு எவ்வளவோ முன்னால் நின்றுவிட வேண்டும். ஓரத்தில் நிற்பதைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை, சிரித்தாலும் போகிறார்கள்.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது. காற்று அடித்ததும் எல்லாரும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார்கள். காற்று உன் நெஞ்சையும் தோளையும் ஆட்டுகிறது. கை விறைத்திருந்தால் அந்த ஆட்டம் அப்படியே கை வழியாக ஹேண்டில்பாருக்குப் போகும், வண்டி நெளியும். நெளிவதைப் பார்த்து இன்னும் இறுக்குவாய். காற்று ஒரு பங்கு ஆட்டினால் நாம் இரண்டு பங்கு ஆட்டிவிடுகிறோம். முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடி, பிடிமானம் அங்கே இருக்கட்டும். முழங்கை மடங்கியிருக்கட்டும். க்ரிப்பைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி, நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. முன்னால் கொஞ்சம் குனிந்துகொள், தோள் தாழ்ந்தால் காற்றுக்குக் கிடைக்கிற பரப்பும் குறையும். வலப்பக்கம் அடித்தால் வலது க்ரிப்பை முன்னால் லேசாக அழுத்து. தலைகீழாகத் தோன்றும், ஆனால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து காற்றுக்கு ஈடு கொடுக்கும். காற்று விட்டதும் அழுத்தத்தையும் விட்டுவிடு. காலியாகக் கிடக்கிற நம்மூர் சர்வீஸ் ரோட்டில் நாற்பதில் ஓட்டி இதைப் பழகிப் பார்.

வேகம் நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருக்கட்டும். எழுபதில் போனால் உன் வேகமும் காற்றோடு சேர்ந்துகொண்டு பக்கத் தள்ளைக் கூட்டும். இருபதுக்கு இறங்கினாலும் வண்டிக்குத் தானாக நிமிர்ந்து ஓடுகிற குணம் போய்விடும். வீட்டுக்கு வரும்போது இடது வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போகாதே. ஓரமாகப் போவதுதான் பத்திரம் என்று அம்மை சொல்லித்தான் உனக்குப் பழக்கம். இந்தக் காற்றில் அது ஆகாது. ஒரு மீட்டர் தள்ளினால் கோட்டுக்கு வெளியே மணலும் சரளையும். லேனின் நடுவில், கொஞ்சம் வலது பார்த்துப் போ, தள்ளுவதற்கு இடம் வேண்டும்.

பஸ் முந்துகிற நேரம்தான் எனக்கு நிஜமாகவே பயம். நீ வலப்பக்கம் சாய்ந்து காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறாய். பஸ் வலப்பக்கம் வந்ததும் காற்று அடைபட்டுப் போகும். தாங்கிக்கொண்டிருந்தது இல்லாமல் போனதால் நீ பஸ் பக்கமே சரிவாய். பஸ்ஸின் வால் தாண்டின உடனே காற்று மொத்தமாக விழுந்து இடது ஓரத்துக்கு எறியும். ஆக, கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து இடைவெளி விடு, பஸ் பக்கத்தில் வந்ததும் வலது கை அழுத்தத்தை விடு, பின் சக்கரம் உன்னைத் தாண்டும்போது அடுத்த அடிக்குத் தயாராக இரு. நீ லாரியை முந்த வேண்டுமென்றால் அந்தப் பக்கம் லாரியை நோக்கியே காற்று தள்ளும். சீசனில் முந்தாமலே இரு. காற்றாடி ரெக்கை ஏற்றின நீளமான ட்ரெய்லர் போனால், எவ்வளவு மெதுவாகப் போனாலும், பின்னாலேயே தூரம் விட்டு வா.

காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக்குத் திரும்பினதும் காற்று நேர் எதிரே. கணவாய்க்குள்ளேயே வருகிறோம் இல்லையா. வண்டி நாலாவது கியரில் திணறும், ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்காமல் மூணுக்கு இறக்கிக்கொள். இது களைப்பு, அவ்வளவு ஆபத்து இல்லை. திங்கட்கிழமை அதே இடத்தில் காற்று முதுகைத் தள்ளும்போதுதான் கவனம். காதில் இரைச்சலே இருக்காது, நாற்பதில் போகிற மாதிரி தோன்றும், மீட்டர் அறுபத்தைந்து காட்டும். பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்.

முதுகுப் பையை விட்டுவிடு. துணியைச் சின்னதாகச் சுருட்டி சீட்டோடு தாழக் கட்டு. ஷாலைப் போடாதே, போட்டால் உள்ளே சொருகு. ஹெல்மெட் ஸ்ட்ராப் தொளதொளவென்று இருந்தால் காற்று தலையைப் பிடித்துத் திருப்பும். டயரில் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்று அடி, சிக்கனமும் வேண்டாம், கூடவும் வேண்டாம். நிறுத்தும்போது சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் என்பதை நினைவில் வை. இடமிருந்து அடிக்கிற காற்று வண்டியை நிமிர்த்தி மறுபக்கம் கவிழ்த்துவிடும். வண்டியின் வலப்பக்கம் காற்றுக்குக் காட்டி, கியரில் போட்டு நிறுத்து.

கிளம்புகிற நேரத்தை மாற்று. விடியற்காலை காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், பத்து மணிக்கு மேல் ஏறி மத்தியானம் சாயங்காலம் முழு வேகம். சனிக்கிழமை வேலை முடித்து நாலு மணிக்குக் கிளம்புவதை விட ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி வா. அன்றைக்கும் அரளி எழும்பாமலே கிடந்தால் வண்டியைப் பனகுடியில் பெட்ரோல் பங்க்கில் சொல்லிவிட்டு பஸ் ஏறு, நான் போய் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார். நேராக வரும் இடத்தில் "டக்" என்று ஒரு பிடிப்பு இருந்தால் கோன் செட்டில், அதாவது ஹேண்டில்பார் திரும்புகிற பேரிங்கில், பள்ளம் விழுந்திருக்கிறது. பனகுடியில் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிடு, பணம் கூகுள் பே பண்ணுகிறேன். மாற்றினால் பழைய கிண்ணத்தையும் பால்ஸையும் மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு காகிதத்தில் பொதிந்து கொண்டுவா, நான் பார்க்க வேண்டும்.

அப்பா