உத்தரவாதம் இருந்தும் கடல் தாண்ட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த என் ஆம்ப்ளிஃபயரில் எட்டே மாதத்தில் இடது பக்கம் கரகரக்க ஆரம்பித்தது. உத்தரவாதம்தான் இருக்கிறதே என்று நிறுவனத்துக்கு எழுதினால், வாங்கிய நாட்டுக்கே அனுப்புங்கள், கூரியர் செலவு உங்களுடையது என்று பதில் வந்தது. சரி, அனுப்பினேன். பழுது பார்த்தது இலவசம்தான், ஆனால் திரும்பி வந்தபோது சுங்கத்தில் புதுப் பொருளாக எடுத்துக்கொண்டு முழு மதிப்புக்கும் வரி கேட்டார்கள். அனுப்பும்போதே ‘பழுது பார்த்துத் திரும்பி வரும் பொருள்’ என்று ஏற்றுமதிப் பத்திரத்தில் எழுதி, கருவியின் சீரியல் நம்பரையும் குறித்திருந்தால், போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று காட்டியிருக்கலாம். இதை நிறுவனமும் சொல்லவில்லை, கூரியர்காரரும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: ஒரு கெப்பாசிட்டர் மாற்றப்பட்டது. விரல் நுனி அளவுப் பொருள்! அதற்காகவா அத்தனை கனமான டிரான்ஸ்ஃபார்மரோடு முழுக் கருவியும் போய் வந்தது?

புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம், உப்பிப்போன லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது என்பது விதி.

உதிரிபாகத்தையும் சர்க்யூட் வரைபடத்தையும் உள்ளூர் மெக்கானிக்குக் கொடுத்து, அவர் பழுது பார்த்தாலும் உத்தரவாதம் செல்லும் என்று நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும். அதுவரை, எந்த நாட்டில் உத்தரவாதம் செல்லும் என்பதையாவது பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்