வைரத்தின் தெளிவுத் தரமும் கண்ணுக்குத் தெரியும் களங்கமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைரம் வாங்குவோருக்கு வழிகாட்டும் நோக்கில் தாங்கள் அண்மையில் வெளியிட்ட கட்டுரை பயனுள்ளதாகவே இருந்தது. ஆனால், வி.எஸ். (மிகச் சிறிதளவு களங்கம் உள்ளது) தரம் வரை களங்கம் கண்ணுக்குத் தெரியாது, எஸ்.ஐ. (சிறிதளவு களங்கம் உள்ளது) தொடங்கினால் தெரியும் என்று அதில் கோடு கிழித்தாற்போல் சொல்லியிருப்பது சரியல்ல.

அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 1950களில் வகுத்து, இன்று உலகெங்கும் வழங்கிவரும் அளவுகோலில், களங்கமற்ற எஃப்.எல். முதல் களங்கம் மிகுந்த ஐ3 வரை 11 படிகள் உள்ளன. பயிற்சி பெற்றவர், 10 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது காண்பதை வைத்தே இவை முடிவாகின்றன. கடைகளில் ‘ஐ கிளீன்’ (வெறுங்கண்ணுக்குக் களங்கம் தெரியாதது) என்று சொல்லப்படுவது வணிக வழக்கே தவிர, அந்த அளவுகோலில் உள்ள ஒரு படி அன்று.

களங்கத்தின் அளவு, எண்ணிக்கை, இடம், தன்மை, சுற்றியுள்ள கல்லிலிருந்து அது எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்பன அனைத்தையும் சேர்த்து எடைபோட்டே தரம் தரப்படுகிறது. ஆகவே ஒரே எஸ்.ஐ.2 தரம் பெற்ற இரண்டு கற்களில், ஒன்றின் நட்ட நடுவே, மேல்முகப் பட்டைக்கு நேர் கீழே ஒரு கரும்புள்ளி இருக்கலாம். மற்றொன்றில் நிறமற்ற மெல்லிய விரிசல் ஓரமாக ஒதுங்கி, நகையின் பிடிக்கு அடியில் மறைந்துபோகலாம். முன்னதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். பின்னதைத் தேடினாலும் காண்பது அரிது. கல்லின் அடிப்பகுதியை ஒட்டிய ஒற்றைப் புள்ளி, பட்டைகளில் பிரதிபலித்துப் பல புள்ளிகளாகத் தோன்றுவதும் உண்டு.

கல்லைப் பட்டை தீட்டிய விதமான வெட்டும் இதில் குறுக்கிடுகிறது. எமரால்டு வெட்டின் நீண்ட, அகன்ற பட்டைகள் உள்ளே இருப்பதை அப்படியே காட்டிவிடும். வட்ட வடிவ பிரில்லியண்ட் வெட்டின் சிறு பட்டைகளோ ஒளியைச் சிதறடித்து அதே களங்கத்தைக் கண்ணிலிருந்து ஒளித்துவிடும். கல் பெரிதாக இருந்தாலும் களங்கம் எளிதில் புலப்படும் என்பதால், சிறிய கல்லில் கவலை தராத தரம் பெரிய கல்லில் தரக்கூடும். மறுபுறம், வி.எஸ்.ஸுக்கு மேலான படிகளான வி.வி.எஸ்.1, வி.வி.எஸ்.2 இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்கண்ணால் எவராலும் காண முடியாது; அங்கே கூடுதல் விலை தருவது அரிதான தன்மைக்காகவே அன்றி, அழகுக்காக அன்று என்பது என் கருத்து.

கட்டுரை அறவே தொடாத ஒன்றும் உண்டு. நுண்புள்ளிகள் திரண்டு மேகம்போல் பரவியிருக்கும் கல்லில், கண்ணுக்குத் தனியாக ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆயினும் கல் முழுவதும் பால்படிந்தாற்போல் மங்கி, ஒளி குன்றிவிடக்கூடும். இத்தகைய கல்லின் தர அறிக்கையில், களங்கங்கள் இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கலாம். வரைபடத்தில் காட்டப்படாத மேகங்களின் அடிப்படையில் தரம் தரப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டும் குறிப்புப் பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். எஸ்.ஐ. தரக் கல்லை வாங்குவோர் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்