கச்சேரி அரங்கம்: உறுப்பினர்களுக்குக் கட்டடக் குழுவின் பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

பழைய நெல் கிடங்கை நம் சபாவின் கச்சேரி அரங்கமாக மாற்றும் வேலை முடிந்துவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும். அதற்கு முன்பே பலர் கேட்டுவிட்டார்கள்: "முகப்பு அப்படியே இருக்கிறதே, பணமெல்லாம் எங்கே போயிற்று?" கூரைக்குள்ளும் சுவருக்குப் பின்னாலும் நாற்காலிக்கு அடியிலும் போயிற்று.

கிடங்கை இடிக்காமல் விட்டதற்கு இங்கிலாந்தின் ஸ்னேப் மால்டிங்ஸ் அரங்கம் ஒரு காரணம். சஃபோக் வட்டாரத்தில் பார்லியை முளைகட்டிப் பதப்படுத்திய 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ஆல்ட்பரோ விழாவுக்காக 1967-ல் அரங்கமானது. செங்கல் சுவர், மரக்கூரை, பிரம்பு நாற்காலி, அவ்வளவுதான். 1969 விழாவின் முதல் இரவே தீயில் போய்விட்டது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் திரும்பக் கட்டிவிட்டார்கள். நம் தீயணைப்பு ஏற்பாட்டில் மட்டும் குழுவில் யாரும் சிக்கனம் பேசவில்லை.

ஆனால் அந்த அரங்கின் ஒலி நமக்கு வேண்டாம். அங்கே ஒலி அடங்க ஏறக்குறைய 2 விநாடி ஆகும். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அது அழகு. பாடகர் மேடையிலேயே கற்பனையாக அடுக்கிப் பாடும் நம் கல்பனாஸ்வரமும் மிருதங்கச் சொல்லும் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஒரு விநாடியை ஒட்டி இருக்கட்டும் என்றார் ஒலியியல் ஆலோசகர்.

கிடங்கின் நீளச் சுவர்கள் இரண்டும் நேருக்கு நேர் நிற்பவை. கை தட்டினால் 'தடதட'வென்று திரும்பி வரும். அதனால்தான் மரச்சட்டங்களை ஏற்ற இறக்கமாக அடித்து, பின்னால் துணி போர்த்திய ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கல்லிழைப் பஞ்சு) வைத்திருக்கிறோம். தச்சர் பாதியில் விட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

நாற்காலி விலை பற்றிக் கோபப்பட்டவர்களுக்கு: ஒலி அடங்கும் நேரம் அரங்கின் கன அளவையும் அதிலுள்ள ஒலி உறிஞ்சும் பரப்பையும் பொறுத்தது என்று ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன் 1890-களில் கண்டறிந்தார். வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அடுக்கித்தான் அளந்தார். மனித உடம்பும் ஆடையும்கூட ஒலியை விழுங்கும். நம் நாற்காலி மடங்கியிருக்கும்போது அதன் அடிப்பக்கம் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். டிசம்பர் கூட்டத்திலும் ஆடி மாதக் காலி அரங்கிலும் பாடகருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

தகரக் கூரைக்குக் கீழே இடைவெளி விட்டு இரண்டடுக்கு ஜிப்சம் பலகை போட்டோம். ஐப்பசி அடைமழையில் சோதித்தபோது முதல் வரிசைக்கு மைக் இல்லாமலே தம்பூரா கேட்டது. ஏசி இயந்திரம் வெளியே தனி அஸ்திவாரத்தில் நிற்கிறது. காற்றுக்குழாய்கள் பெருத்துத் தெரிவது காற்று மெதுவாக, சத்தமில்லாமல் வரத்தான்.

வண்டி நிறுத்துமிடம் இன்னும் மண்தரைதான். அடுத்த நிதியாண்டில் பார்ப்போம். கேண்டீனில் நாங்கள் கை வைக்கவில்லை. காபி பற்றிய புகார்கள் வழக்கம்போலச் செயலாளருக்கு.

இப்படிக்கு,
கட்டடக் குழு