லெஃபெவ்ர் பெயருக்குள் வந்த ‘பி’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பற்றிய கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால், லெஃபெவ்ர் என்ற பெயரை நடுவில் ‘பி’ (b) போட்டு Lefebvre என்று எழுதுகிறவர்களே பழைய வம்சம், ‘பி’ இல்லாதவர்கள் பிற்பாடு சுருக்கிக்கொண்டவர்கள் என்று எழுதியிருப்பது சரியல்ல. நடந்தது ஏறக்குறைய நேர்மாறு.

பெயருக்குப் பொருள் கொல்லர். லத்தீனில் ஃபாபெர். பிரெஞ்சுப் பேச்சில் அந்த ‘பி’ எப்போதோ ‘வி’யாகிவிட்டது. இடைக்கால இறுதியில், லத்தீன் படித்த எழுத்தர்கள்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்து செருகினார்கள். வாய் திறந்து யாரும் சொல்லாத எழுத்து அது. அந்தக் காலக் கையெழுத்தில் ‘யு’, ‘வி’ இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால், முன்னால் ‘பி’ நின்றால் அடுத்தது ‘வி’ என்று தெரிந்துகொள்ளலாம் என்றும் ஒரு காரணம் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்தவர்கள் அதை ‘யு’ என்றே படித்து, லெஃபேப்யூர் என்று தனிப் பெயரே கிளம்பிவிட்டது!

பைபிளைப் பிரெஞ்சில் தந்த லெஃபெவ்ர் தெத்தாப்ள் தம் லத்தீன் நூல்களில் ஃபாபெர் என்றே போட்டுக்கொண்டார். பூச்சிகளை ஆராய்ந்த ஃபாப்ர், 1895 முதல் 1899 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோர் இருவர் பெயரும் அதே கொல்லர்தான், தெற்கத்தி உச்சரிப்பில்.

ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1539இல் அரசாணை வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெயரைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு வேறு எழுத்து என்பதெல்லாம் சர்வசாதாரணம். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1794 ஆகஸ்டில் சட்டம் போட்ட பிறகுதான் இந்த ஆட்டம் அடங்கத் தொடங்கியது. கியூபெக்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சில லெஃபெவ்ர்கள் அங்கே ‘பீன்’ ஆனார்கள். பிரெஞ்சில் ‘ஃபெவ்’ என்றால் அவரை வகை, அவ்வளவுதான் சங்கதி.

எங்கள் புதுச்சேரியில் 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகள் பலர் இப்போது பழைய பதிவுகளைத் தேடுகிறார்கள். எழுத்து மாறினால் வேறு குடும்பம் என்று அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி